எட்டு நாள் கழித்தும் பூட்டியே இருந்த கதவு

கேள்வி: 20.04.2025, இரவு 9:50

இன்று ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் பிரசங்கியார் சொன்னது இது: “உயிர்த்தெழுந்த கிறிஸ்துவை விசுவாசிக்கிறவனுக்கு மரணபயம் கிடையாது. இருக்கிறது என்றால் அவன் இன்னும் விசுவாசிக்கவில்லை.” எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள், நானும் சொன்னேன். என் அம்மாவுக்கு 30-ம் தேதி இருதய வால்வு ஆபரேஷன். பத்து நாளாகத் தூக்கம் இல்லை. ராத்திரி எழுந்துபோய் அம்மா மூச்சு விடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன். ரத்தத்துக்கு ஆள் தேடுவது வேறு. ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் எடுத்தவன்தான். அப்போது நான் விசுவாசி இல்லையா? பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

20.04.2025, இரவு 11:35

பெரியவன் இல்லை தம்பி, 46 வயது. ஆனாலும் சொல்கிறேன்.

மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை எடுங்கள். கல்லறைக்கு முதலில் போனவர்கள் மூன்று பெண்கள். கல் புரண்டு கிடக்கிறது. “அவர் உயிர்த்தெழுந்தார், அவர் இங்கே இல்லை” என்று வெள்ளை அங்கிக்காரன் நேரிலேயே சொல்கிறான். உலகத்தில் முதன்முதலாக அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? எட்டாம் வசனம்: ஓடினார்கள். நடுக்கமும் திகிலும் பிடித்தது. “அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்.”

உங்கள் பிரசங்கியார் கணக்குப்படி அந்த மூவரில் ஒருத்தியான மகதலேனா மரியாளும் விசுவாசி இல்லை.

21.04.2025, காலை 6:20

“மாற்கு இருபதாம் வசனம் வரைக்கும் இருக்கிறதே, எட்டோடு நிறுத்திவிட்டீர்களே” என்று ஒருவர். சரியான கேள்வி. நம் கையில் இருக்கும் வேதாகமத்தில் 9 முதல் 20 வரை உண்டு, அதில் பாம்பைப் பிடிப்பதெல்லாம் வரும். ஆனால் நான்காம் நூற்றாண்டுப் பிரதிகளான சைனாட்டிக்கஸ், வாட்டிக்கானஸ் இரண்டிலும் மாற்கு எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் உள்ளது பிற்பாடு சேர்ந்தது என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். ஒரு சுவிசேஷம் “பயந்தார்கள்” என்று முடிவதை யாருக்கோ தாங்க முடியவில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. இது என் ஊகம்தான், ஆராய்ச்சி இல்லை.

எங்கள் ஊரில் ஈஸ்டருக்கு மூன்றரைக்கு மணி அடிக்கும். பேப்பர் கப்பில் மெழுகுவர்த்தி சொருகிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் பவனி போவோம். முந்தின நாளே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து வைத்திருப்பார்கள், கை பட்டால் ஒட்டும். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்பார். நாங்கள் “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று போடுகிற சத்தத்தில் பக்கத்துத் தோப்பு நாய்கள் குரைக்க ஆரம்பித்துவிடும். சின்ன வயதில் எனக்கு அந்தக் கல்லறைத் தோட்டம் என்றாலே ஆகாது. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போவேன். கூட இருநூறு பேர் வருகிறார்களே.

21.04.2025, இரவு 8:15

போப் பிரான்சிஸ் இன்று காலை காலமான செய்தி எல்லாருக்கும் வந்திருக்கும். நேற்று ஈஸ்டருக்குச் சக்கர நாற்காலியில் மாடத்துக்கு வந்து, குரலே எழும்பாமல் ஆசீர்வதித்தார். நான் கத்தோலிக்கன் இல்லை, சிஎஸ்ஐக்காரன் (தென்னிந்தியத் திருச்சபை), ஆனாலும் சாயங்காலம் வரை மனசு அதிலேயே இருந்தது. ஈஸ்டர் வாழ்த்துச் சொன்ன வாய் மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் மூடிவிட்டது.

நம்ம விஷயத்துக்கு நாளை வருகிறேன்.

22.04.2025, இரவு 10:40

2021-ல் ஈஸ்டர் ஏப்ரல் 4. முந்தின வருஷம் ஊரடங்கில் ஆலயமே பூட்டிக் கிடந்ததால் அந்த வருஷம் எங்களுக்கு வெறி. தொண்டை கிழியக் கத்தினோம், மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்று. மே மாதம் கொரோனா இரண்டாம் அலை. எனக்கு ஓய்வுநாள் பள்ளியில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பிள்ளைகள் வெளியூர், வர வழியில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஐயர் போன் பண்ணினார். “நாலு பேர் வேணும்யா. மூணு பேர் இருக்காங்க.”

வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது ஐயரே, மன்னிச்சிருங்க என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. “சரிய்யா, ஜெபம் பண்ணிக்கோ” என்று வைத்துவிட்டார். நான் எழுந்துபோய் கேட்டை உள்பக்கமாகப் பூட்டினேன். யாரும் வரப்போவதில்லை, எதற்குப் பூட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று பேரும், ஆம்புலன்ஸ் ஓட்டி வந்தவருமாகச் சேர்ந்துதான் வாத்தியாரை இறக்கினார்கள்.

யோவான் 20 எனக்கு அன்றையிலிருந்து வேறு அதிகாரம். சீஷர்கள் யூதர்களுக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். இயேசு நடுவே வந்து நிற்கிறார், கைகளைக் காட்டுகிறார், சந்தோஷப்படுகிறார்கள். இது ஞாயிறு சாயங்காலம். இதை எல்லாரும் பிரசங்கம் பண்ணுவார்கள். எட்டு நாள் கழித்து 26-ம் வசனத்தைப் பாருங்கள்: “கதவுகள் பூட்டப்பட்டிருந்தது.” கண்ணால் பார்த்தாயிற்று, ஊதினார், பரிசுத்த ஆவியைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அப்புறமும் தாழ்ப்பாள் போட்டபடிதான். முதல் தடவை அங்கே இல்லாமல், கண்டால்தான் நம்புவேன் என்ற தோமா ஒருத்தனைச் சந்தேகக்காரன் என்று இரண்டாயிரம் வருஷமாகத் திட்டுகிறோம். பார்த்துவிட்ட பத்துப் பேர் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

இயேசுவும் கேட்கவில்லை. பூட்டின கதவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வந்து நின்று, உங்களுக்குச் சமாதானம் என்றார், அவ்வளவுதான்.

23.04.2025, காலை 7:05

“அண்ணாச்சி, சேவல் கூவிச்சா?” என்று ஒரு நண்பர் கேட்கிறார். பேதுரு இயேசுவைத் தெரியாது என்றபோது கூவின சேவலைச் சொல்கிறார். எங்கள் தெருவில் சேவல் மத்தியானமும் கூவும்.

இன்னொருவர் அது பயமில்லை, விவேகம் என்கிறார். மருத்துவர்கள் வீட்டில் இருக்கச் சொன்ன காலம், குழந்தை உள்ள வீடு, நீங்கள் செய்ததே சரி என்கிறார். இருக்கலாம். விவேகமாக இருந்திருந்தால் கேட்டைப் பூட்டியிருக்க மாட்டேன்.

23.04.2025, இரவு 11:50

திருத்தம் ஒன்று. நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அது உண்மை இல்லை.

பிள்ளை இருக்கிறது என்று நான் ஐயரிடம் சொல்லவில்லை. “லேசா தொண்டை வலிக்குது ஐயரே” என்றுதான் சொன்னேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. நாலு வருஷத்தில் ஞாபகம் எனக்கு ஒரு நல்ல சாக்கைத் தைத்துக் கொடுத்திருக்கிறது.

அதோடு, சாவுக்குப் பயந்து போகவில்லை என்றும் சொல்ல முடியாது. அது கொஞ்சம்தான். பெரிய பயம் தகரம். அதற்கு முந்தின வருஷம் எங்கள் தெருமுனை வீட்டில் கொரோனா என்று வாசலை அடைத்துத் தகரம் அடித்தார்கள். நடுவில் ஒரு கட்டையைக் குறுக்கே வைத்து, மேலே நோட்டீஸ் ஒட்டி. அந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக் கடைக்காரர் பால் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றார். அந்தத் தகரம் என் வீட்டு வாசலில் வந்துவிடக்கூடாது. அதுதான் சங்கதி.

பேதுருவுக்கும் இதே வியாதி. ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் நின்று பேசின தைரியத்தைப் பார்த்து எல்லாரும் மலைத்துப் போனார்கள் என்று அப்போஸ்தலர் 4-ல் இருக்கிறது. உயிர் போகும் இடம் அது, அங்கே பயமில்லை. பிற்பாடு அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து நாலு பேர் வந்ததும் பந்தியை விட்டு நழுவிவிட்டார். “விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து” என்று பவுல் கலாத்தியர் 2-ல் போட்டு உடைக்கிறார். சாவுக்குப் பயப்படாத மனுஷன், நாலு பேர் என்ன சொல்லுவார்களோ என்று இலையிலிருந்து எழுந்துவிட்டான். இதை வாசித்தால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. பேதுருவுக்கு எப்படி இருந்ததோ.

பவுலையும் பெரிய சூரன் என்று நினைக்க வேண்டாம். உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்தான். “புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன” என்று 2 கொரிந்தியர் 7-ல் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

25.04.2025, மாலை 5:30

தம்பி தனிச் செய்தியில் கேட்டது: “அப்படின்னா உயிர்த்தெழுதலால் என்னதான் மாறிச்சு? நீங்க சொல்றதைப் பார்த்தா எல்லாரும் பயந்துக்கிட்டேதான் இருந்திருக்காங்க.”

வாத்தியார் அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் ஐயர் மறுபடியும் கூப்பிட்டார். பழசை எடுக்கவே இல்லை. “தொண்டை எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார். அது குத்தலா, அக்கறையா என்று இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை. இந்தத் தடவை ஒரு பாட்டி. எங்கள் சேகரத்துக் (எங்கள் ஐயரின் பொறுப்பில் உள்ள ஊர்கள்) கடைசி ஊர், எனக்குப் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. போனேன். மனம் திரும்பி வீராப்பாகப் போனேன் என்று எழுத ஆசைதான். மறுபடியும் பொய் சொல்ல வாய் வரவில்லை, அதனால் போனேன்.

மே மாத வெயிலில் அந்தக் கவச உடை போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து நிமிஷத்தில் கையுறை விரல் நுனியில் வேர்வை தண்ணீராகத் தேங்கி நிற்கும், விரலை அசைத்தால் சளக் சளக் என்கும். கண்ணாடி பனித்துப்போய் எதிரில் நிற்பவன் முகம் தெரியாது. ஜேசிபி தோண்டின குழி எட்டடி இருக்கும், ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர். கயிற்றைப் பிடித்து இறக்க வேண்டும். என் பக்கத்துக் கயிறு ஈரக் கையுறையில் வழுக்கியது.

அந்த இடத்தில் கை கெஞ்சும். விட்டுவிடு, விழட்டும், ஓடிப்போய்க் குளி. முந்தின வருஷம் செல்போனில் சுற்றின வீடியோக்கள் ஞாபகம் இருக்கும், உடலைக் குழிக்குள் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுவதைப் பார்த்தோம். அப்போது அவர்களை நானும் திட்டினேன். குழி ஓரத்தில் நின்றபோதுதான் தெரிந்தது, என் கைக்கும் அந்தப் புத்திதான்.

ஐயர் இருபதடி தள்ளி நின்று வாசித்துக்கொண்டிருந்தார். முகமூடிக்குள் பாதி வார்த்தை அமுங்கிப்போனது. கர்த்தருக்குள் நித்திரையடைந்த நம்முடைய சகோதரி என்பது மட்டும் காதில் விழுந்தது. எல்லாக் கல்லறையிலும் வெட்டி வைத்திருக்கும் வார்த்தைதான், நித்திரையடைந்தார். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்துத் தேய்ந்த சொல். அன்றைக்கு அது நிஜமாகவே தூங்குகிற பாட்டியாக இருந்தது. தூங்குகிறவளை எப்படிக் கீழே வைப்பது? எழும்பப்போகிறவளைத் தொப்பென்று போட முடியுமா? எதிர்ப்பக்கம் நின்றவரிடம் “மெதுவா, மெதுவா” என்றேன். அவரும் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. நாலு பேரும் ஒரே கணக்கில் இறக்கினோம். அடியில் பட்ட சத்தமே வரவில்லை.

முழங்கால் அந்த நேரம் முழுக்க நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கை மட்டும் அவசரப்படவில்லை. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான் தம்பி.

25.04.2025, மாலை 5:50

விட்டுப்போனது: ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்துக்குச் சொல்லும் ‘செமட்ரி’ என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குப் படுத்துத் தூங்கும் இடம் என்று பொருள். செத்தவர்களைப் புதைக்கும் இடத்துக்கு அந்தப் பெயரைப் பழக்கத்தில் கொண்டுவந்தவர்கள் ஆதிக் கிறிஸ்தவர்கள். யாரோ ஒருத்தர் முதல்முதலாக அப்படிச் சொல்லியிருப்பாரே, பக்கத்தில் நின்றவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்.

26.04.2025, மதியம் 1:10

“ஆதிக் கிறிஸ்தவர்கள் கொள்ளைநோயில் பயமில்லாமல் வியாதிக்காரரைக் கவனித்தார்கள், நாம்தான் கோழைகள்” என்று ஒரு அண்ணாச்சி கோபமாக எழுதியிருக்கிறார். உண்மை உண்டு. கி.பி. 260 வாக்கில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு எழுதிய ஈஸ்டர் கடிதத்தை யூசேபியுஸ் தன் சரித்திரத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறார். நம்மவர்கள் வியாதிக்காரரைத் தொட்டுப் பணிவிடை செய்தார்கள், கண்ணை மூடிவிட்டார்கள், குளிப்பாட்டி அடக்கம் பண்ணினார்கள், பிறகு தாங்களும் செத்தார்கள் என்று அதில் வருகிறது. மற்றவர்கள் சொந்தக்காரரைத் தெருவில் போட்டுவிட்டு ஓடினார்கள் என்றும் எழுதுகிறார். சொந்தக் கட்சிக்காரர் எழுதின அறிக்கை, கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துத்தான் வாசிக்க வேண்டும்.

ஆனால் இதே தியோனீசியு அதற்குப் பத்து வருஷம் முன்னால் ரோமை ஆண்ட தெக்கியு ராயன் கிறிஸ்தவர்களை உபத்திரவப்படுத்தியபோது தப்பி ஓடினவர். அந்தக் கதை சினிமா. பிடிக்க வந்த அதிகாரி ஆறு, ரோடு, வயல் எல்லாம் தேடுகிறான். ஆயர் நாலு நாளாகத் தன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார், வீட்டில் இருப்பார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பிறகு கிளம்பிப் போகிற வழியில் சிப்பாய்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு வந்த நாட்டுப்புறத்துக் கூட்டம் விஷயம் கேள்விப்பட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவர, சிப்பாய்கள் ஓட்டம். வந்தவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்து ஆயர் தன் துணிமணியை எடுத்து நீட்டுகிறார். எழுந்திரும், போகலாம் என்றால், என்னை விட்டுவிடுங்கள் என்று தரையில் மல்லாக்கப் படுத்துவிடுகிறார். கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக் கழுதைமேல் உட்கார வைத்துக் கூட்டிப்போகிறார்கள். இதை எழுதினவர் வேறு யாரும் இல்லை, அவரேதான்.

கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் அப்படித்தான். 250-ல் ஒளிந்துகொண்டார், ஊரே பேசியது. 258 செப்டம்பர் 14-ல் அதே மனுஷன் ஓடாமல் நின்று தலையைக் கொடுத்தார். வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொல்லிவிட்டு. நடுவில் எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. எனக்கு ஒன்பது நாள்தான் ஆனது என்று பெருமைப்படலாமா என்று பார்த்தேன். அவர் கொடுத்தது தலை, நான் பிடித்தது கயிறு.

27.04.2025, மதியம் 2:30

இன்று ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. எதிர்பார்த்தபடி தோமா. எதிர்பார்த்தபடி திட்டு.

பிரசங்க நேரத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. 1945-ல் ஈஸ்டர் ஏப்ரல் 1. அதற்கு அடுத்த ஞாயிறு 8-ம் தேதி, இதே பூட்டின கதவு ஞாயிறு. ஜெர்மனியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்திருந்த கைதிகள், தங்களோடு இருந்த, ஹிட்லரை எதிர்த்துச் சிறைப்பட்ட பான்ஹோஃபர் ஐயரை ஆராதனை நடத்தச் சொல்கிறார்கள். அவருக்குத் தயக்கம். முக்கால்வாசிப் பேர் கத்தோலிக்கர், ஒருவர் கடவுள் நம்பிக்கையில்லாத சோவியத் அதிகாரி, அவர்மேல் திணிக்கக்கூடாது. அந்த அதிகாரியே நடத்துங்கள் என்ற பிறகுதான் நடத்தினார். “அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்” என்ற ஏசாயா 53-ம், மரித்தோரிலிருந்து இயேசு எழுந்ததினால் வந்த ஜீவனுள்ள நம்பிக்கையைச் சொல்லும் 1 பேதுரு 1-ம் அன்றைய பாடம். ஜெபம் முடிந்த கையோடு கதவு திறந்தது. இரண்டு பேர் வந்து கிளம்பச் சொன்னார்கள். மறுநாள் விடியற்காலை ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கு.

அவர் முழங்கால்படியிட்டு அமைதியாக ஜெபித்துவிட்டுத் தூக்குமேடை ஏறியதாக முகாம் மருத்துவர் சொன்ன கதையை நானே இரண்டு வாலிபர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். மருத்துவர் அதைச் சொன்னது பத்து வருஷம் கழித்து, சரித்திரக்காரர்களுக்கு அதில் சந்தேகம் உண்டு. அதனால் வாபஸ். எனக்குப் பிடித்த பான்ஹோஃபர் அதற்கு முந்தின வருஷம் சிறையில் கவிதை எழுதினவர். அறையைவிட்டு நான் நிமிர்ந்து நடந்து வருவதாக மற்றவர்கள் சொல்கிறார்கள், எனக்குத் தெரிந்த நானோ கூண்டுப் பறவைபோலத் தவிக்கிறேன், இதில் நான் யார் என்று கேட்கிறார். அதைச் சபையில் சொன்னால் யாரும் அல்லேலூயா சொல்ல மாட்டார்கள்.

27.04.2025, மதியம் 2:45

பிரசங்கியாரை ரொம்ப வாரிவிட்டேன் போலிருக்கிறது. அவர் 2021-ல் தன் மனைவியை அடக்கம் பண்ணினவர் என்று இப்போதுதான் ஒருவர் சொன்னார். அப்படியானால் அந்த வார்த்தையை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கலாம். முதல் நாள் எழுதின அந்த மகதலேனா மரியாள் வரியை எடுத்துவிட நினைத்தேன். இருக்கட்டும், தப்பு தெரியட்டும்.

தம்பி, ரத்தம் எத்தனை யூனிட்? என்ன குரூப் இருந்தாலும் பரவாயில்லை என்கிறார்களா? எனக்கு ஓ பாசிட்டிவ்.

28.04.2025, மாலை 6:00

கொடுத்தாயிற்று. நாலு யூனிட் கேட்டார்கள், மற்ற மூன்று பேர் இந்த இழையை வாசித்துவிட்டு வந்தவர்கள். ஊசி என்றால் எனக்கு ஆகாது. சுவரில் இருந்த ரத்ததான போஸ்டரில் எத்தனை எழுத்து என்று எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். “வேற பக்கம் பாக்காதீங்க, கையை மூடி மூடித் திறங்க” என்று நர்ஸம்மா அதட்டினாள். அப்புறம் ஒரு ஃப்ரூட்டி கொடுத்தாள்.

30.04.2025, காலை 8:20

தம்பி போனை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறான், அதனால் நானே எழுதுகிறேன். அம்மாவை ஏழே காலுக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். வெளியே வர நாலைந்து மணி நேரம் ஆகும் என்கிறார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது அம்மா அவனைப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்றார்கள். இல்லை என்றான். “போய்ச் சாப்பிடு” என்றார்கள். அவன் கை நடுங்குவதை நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தார்கள்.

கேன்டீன் எட்டரைக்குத்தான் திறக்குமாம். வாசலில் நிற்கிறோம்.